சாம்பிள் ரூமில் ஒரு பாதி மாத்திரை

மாத்திரை தலை கழன்று போகும்போது ஒரு சத்தம் வரும். மெஷினின் மேல் அச்சு தூளை அழுத்திவிட்டு எழும்பும் நொடியில், 'டிக்'. குனிந்து பார்த்தால் மாத்திரையின் மேல்பாகம் டப்பா மூடி மாதிரி தனியாகக் கிடக்கும், அடிப்பாகம் தனியாகக் கிடக்கும். எங்கள் துறையில் இதற்குக் கேப்பிங் என்று பெயர். ஊட்டியில் எம்.ஃபார்ம் கடைசி வருஷம் படித்தபோது நான்கு மாதம் நான் அந்த 'டிக்'கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறவர் லேப் அட்டெண்டர் அண்ணன். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றுவதற்கு முன்பே சிரிப்பார்.

"ஏனுங்க மேடம், உங்க மாத்திரைக்கு மரியாதை ஜாஸ்திங்க. வெளிய வந்ததுமே தொப்பியக் கழட்டிக் கும்புடுதுங்க."

"சுத்துங்கண்ணா, இன்னும் அஞ்சு பாக்கலாம்."

"அஞ்சும் கும்புடுமுங்க. அந்தக் கஞ்சியக் கொஞ்சம் ஊத்துனா கம்முனு ஒக்காந்துக்கும். எல்லாக் கம்பெனியும் அதத்தானுங்க பண்றான். நீங்க ஒருத்தருதான் கஞ்சி வேண்டாம்னு அடம் புடிக்கறீங்க."

கஞ்சி என்றால் ஸ்டார்ச் கஞ்சி. பாராசிட்டமால் தூளைச் சும்மா அழுத்தினால் மாத்திரையாக நிற்காது. கஞ்சி ஊற்றிப் பிசைந்து, குருணையாக்கி, காயவைத்து, பிறகுதான் அடிக்கவேண்டும். கஞ்சியே இல்லாமல் அடித்துக் காட்டுகிறேன் என்று ப்ராஜெக்ட் எடுத்தவள் நான். வகுப்பில் மற்றவர்கள் பத்திரமான தலைப்புகளாக எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்குள் பாதி தீசிஸை டைப் அடித்து முடித்திருந்தார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் ஒன்று பிடித்துப்போய்விட்டால் விடவும் தெரியாது.

பிடித்துப்போனது இதுதான். ஒரே மருந்து, ஒரே மூலக்கூறு. ஆனால் அது படிகமாக அடுக்கிக்கொள்வதில் இரண்டு விதம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் முதல் வகையில் அடுக்குகள் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக் கூரைத் தகரம் மாதிரி நெளிநெளியாக இருக்கும். நெளிவுக்குள் நெளிவு மாட்டிக்கொள்வதால் ஒன்றின்மேல் ஒன்று நகராது. அழுத்தினால் முறைத்துக்கொண்டு நிற்கும். அச்சு எழும்பியதும் திருப்பி உதைக்கும். அந்த உதையில்தான் தலை கழல்கிறது. இரண்டாம் வகையில் அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி தட்டை. அழுத்தினால் வழுக்கி நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அப்படியே படுத்துக்கொள்ளும். கஞ்சி தேவையில்லை. இதைப் படித்த அன்று லைப்ரரியில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் வகை நிலையில்லாதது. ஸ்பிரிட்டில் கரைத்துக் குளிரவைத்து, ஏற்கெனவே செய்துவைத்த இரண்டாம் வகைத் துணுக்கு ஒன்றை விதையாகப் போட்டால் அது வளரும். ஆனால் ஈரமாக இருக்கும்வரை அதற்கு ஆபத்து. முதல் வகையின் ஒரு துளி தூசு விழுந்தால் போதும், மொத்தமும் மனசு மாறி முதல் வகையாகிவிடும். வடிகட்டிக் காயவைத்துவிட்டால் பயமில்லை.

நான்கு மாதமும் எனக்கு விழுந்ததெல்லாம் முதல் வகைதான். கைடு மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி ஆய்வகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ரூம்ல எத்தன வருஷமா பாராசிட்டமால் அரைக்கறாங்க தெரியுமா? ஃபேன் மேல இருக்கும். ஜன்னல் கம்பில இருக்கும். உன் தலைமுடியில இருக்கும். நீ என்ன பண்ணாலும் அதுதான் முந்திக்கும்."

"அப்ப வேற ரூம் வேணுங்களா மேடம்?"

"அது வாழ்க்கையில பாராசிட்டமாலே பாக்காத ரூம். கிடைச்சாச் சொல்லு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, அப்படி ஒரு அறை எங்கே இருக்கிறதென்று.

தேயிலை விலை சரிந்து இரண்டாவது வருஷம் அது. பிக்கட்டி பஸ்ஸில் நடுவழியில் இறங்கி, வளைவுப் பாதையில் கால்மணி நேரம் நடந்தால் எங்கள் எஸ்டேட். பொழுது விடிந்தால் சங்கு ஊதுகிற ஃபேக்டரி ஊதுவதை நிறுத்தியிருந்தது. அப்பா அங்கே டீ மேக்கர். இலை வாடியது போதுமா என்று உள்ளங்கையில் அள்ளி அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஃபேக்டரி மூடி எட்டு மாதம் சும்மா உட்கார்ந்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு மில் ஸ்டோரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் கூடவே போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"ப்ராஜெக்ட முடிச்சுட்டு வர்றேம்மா."

"ஹாஸ்டல்ல இருந்து முடி. அந்தப் பாழடைஞ்ச எடத்துல ஒத்தையா எதுக்கு?"

ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸை ஜனவரி கடைசியில் ஒப்படைக்கவேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அதுவரை இருந்து பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு. இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வாரம் ஒரு வீடு காலியாகும். திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது புகை வந்த கூரையில், வெள்ளிக்கிழமை திரும்பும்போது புகை இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம்வரை நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஒருமுறை சும்மா, குரல் இருக்கிறதா என்று பார்க்க, பீரியாடிக் டேபிளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆர்கானுக்குமேல் போக மனமில்லை.

இப்படி இருந்ததற்கெல்லாம் கடைசியில் காட்ட ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் வெறி வந்தது. இருபது மாத்திரை. தலை கழலாத இருபது. 'இதுக்குத்தாம்மா இருந்தேன்' என்று உள்ளங்கையில் வைத்து நீட்டவேண்டும்.

ஃபேக்டரிச் சாவி ஒரு அக்காவிடம் இருந்தது. முன்பு அங்கே தேயிலையில் நார் பொறுக்கியவர். வாட்ச்மேனாக இருந்த கணவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, சாவிக்கொத்து இவர் இடுப்புக்கு வந்திருந்தது. சிறு வயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். லைன் வீட்டை இன்னும் லயம் என்றுதான் சொல்வார்.

"சாம்பிள் ரூமா? அங்க என்ன புள்ள வேல? டீயே இல்ல, என்னத்தக் குடிச்சுப் பாக்கப் போற?"

"டீ இல்லைங்க்கா. மருந்து வளக்கணும்."

"வளக்கணுமா? அது என்ன, கோழியா?"

சாம்பிள் ரூம் என்பது தேயிலையை ஊற்றிக் குடித்துப் பார்க்கிற அறை. வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், வெள்ளை ஓடு பதித்த மேடை, வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஃபேக்டரியிலேயே அதற்கு மட்டும் தனி ஆசாரம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. பூ கூடாது. செருப்பு கூடாது. வெங்காயம் தின்றுவிட்டு வந்தால் அப்பா வாசலிலேயே நிறுத்திவிடுவார். வேறு எந்த வாசனையும், எந்தத் தூளும் உள்ளே போகாத அறை. கைடு மேடம் கேட்ட அறை.

அப்பாவின் ஆசாரத்தை நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். பாராசிட்டமால் தூள் டப்பாவை அறைக்குள் கொண்டுபோகவே மாட்டேன். ஃபேக்டரிக்குப் பின்னால், விறகு அடுக்கும் கொட்டகையில் வெந்நீர் காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பேன். தூளை அதில் போட்டு, வெந்நீருக்குள் வைத்துக் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, தெளிந்த கரைசலை மட்டும் மூடி போட்ட குடுவையில் எடுத்துக்கொண்டு வருவேன். வாசலில் கைகால் கழுவி, கொட்டகை ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அறைக்கென்று வைத்திருந்த பச்சை ஸ்வெட்டரை மாட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போவேன்.

அக்கா வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாமி அறைக்குப் போறப்பகூட நீ இப்பிடிக் கைகால் கழுவுனதில்ல. ஒங்கம்மாகிட்டச் சொல்லணும்."

"சொல்லுங்க. நம்ப மாட்டாங்க."

ஜனவரி. விடிந்ததும் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். பக்கெட் தண்ணீரின்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ். அதை உடைத்து, குடுவையை அதற்குள் இறக்கி, மேடம் கல்லூரியில் மருந்தை உருக்கி ஆறவைத்துத் தந்த விதையில் ஒரு துணுக்கைப் போட்டேன். முதல் தடவை சின்ன அளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் துணுக்கிலிருந்து ஒரு ஊசி நீண்டது. இன்னொன்று. கண்ணெதிரே, சத்தமே இல்லாமல், குடுவை முழுக்க ஊசி.

முதல் வகை மாதிரிக் கட்டைகட்டையாக இல்லை. ஊசி!

உடனே யாரிடமாவது சொல்லவேண்டும். இருந்தது ஒரே ஆள். வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா, வந்துருச்சு! ரெண்டாவது வகை! ஊசி ஊசியா!"

அக்கா எழுந்து, வாசலைத் தாண்டாமலே, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"இதுவும் அதே காச்ச மாத்திரைதானே?"

"அதேதான்."

"சாப்பிட்டா வேற மாதிரி கேக்குமா?"

"இல்லைங்க்கா. வயித்துக்குள்ள கரைஞ்சுட்டா ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப எதுக்குப் புள்ள இந்தப் பாடு?"

நெளிந்த தகரத்தையும் சீட்டுக்கட்டையும் வைத்து விளக்கினேன், மாத்திரை தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவதையும் சொன்னேன். வேகமாகப் பேசினேன், நாள்கணக்கில் பேசாமல் இருந்ததெல்லாம் சேர்ந்து கொட்டியது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"தகரம்னா ஒழுகும்னு தெரியும். ஒதைக்கும்னு நீ சொல்லித்தான் தெரியும்" என்றார்.

காயவைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஆறு மாத்திரைக்குத்தான் காணும். உருகுநிலை பார்த்தோம், முதல் வகைக்குச் சில டிகிரி முன்னாலேயே உருகியது. இரண்டாம் வகையேதான். அட்டெண்டர் அண்ணன் சக்கரத்தைச் சுற்றினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அச்சு இறங்கியது, எழும்பியது. சத்தம் இல்லை. மாத்திரை பளபளவென்று முழுசாக வெளியே வந்து உட்கார்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஆறும்.

அண்ணன் குல்லாவை அவரே கழற்றினார்.

"இன்னிக்கு நான் கும்புட்டுக்கறனுங்க."

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு பத்தாது. உடைச்சுப் பாக்க, உருட்டிப் பாக்க, கரைச்சுப் பாக்க எல்லாத்துக்கும் சேத்து இருபது மாத்திரையாவது வேணும். மாசக் கடைசில எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றார். உனக்கு ஒதுக்கின ஸ்பிரிட்டும் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. பாத்துச் செய்."

ஒரு தடவை. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா திருப்பூர் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் பஸ். லைனில் ஆள் இருந்த கடைசி வீடு அது. காலையில் சாவிக்கொத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். நீ போகும்போது பஸ் ஸ்டாப் பேக்கரியில் கொடுத்துவிடு, ஆபீஸ்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றார்.

பெரிய குடுவை. கொட்டகையில் கரைத்து, வடிகட்டி, கழுவி, பச்சை ஸ்வெட்டர் மாட்டி, எல்லாம் முறைப்படி. விதை போட்டேன். ஊசிகள் கிளம்பின. அளவு அதிகம் என்பதால் முழுக்க வளர்ந்து முடிய மத்தியானம் ஆகும். அதுவரை அவ்வப்போது கண்ணாடிக் கம்பியால் மெதுவாகக் கலக்கிவிடவேண்டும்.

பத்து மணி இருக்கும். வாசலில் அக்காவின் குரல்.

"புள்ள, தல வெடிக்குது. சாமான் கட்டுனது ஒத்துக்கல. ஒங்கிட்ட மாத்திரை இருக்குமே?"

"என் பை கொட்டகைல இருக்குங்க்கா. முன் ஜிப்ல பாருங்க, ஒரு அட்டை இருக்கும்."

நானே எடுக்கக் கூடாது என்பதில் எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். அக்காவே போய் எடுத்து வந்தார். நான் வாசற்படியில் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் எஸ்டேட்டில் யாரும் முழு மாத்திரை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் எதற்கும் ஒரே ஒரு மாத்திரைதான் எடுப்பார். கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்து ஒரே அழுத்து. ஒரு பாதியை அங்கேயே, அவர் கண்ணெதிரே முழுங்கவேண்டும். மறு பாதியைக் காலண்டர் தாளில் மடித்துக் கையில் கொடுத்து, "சாயங்காலத்துக்கு" என்பார். சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த மீதிப் பாதி முந்தானை முடிச்சிலோ, சட்டைப் பையிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ அடுத்த காய்ச்சல் வரைக்கும் இருக்கும். எந்த வீட்டில் தேடினாலும் ஒரு பாதி மாத்திரை கிடைக்கும். இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும். இது எங்களுக்கு வழக்கம் என்றுகூடத் தோன்றாத வழக்கம்.

அக்கா நகத்தால் உடைத்தார். ஒரு பாதியைத் தண்ணீர் இல்லாமலே முழுங்கினார். மறு பாதியை முந்தானை முடிச்சிலிருந்த ஒரு துண்டுத் தாளில் மடித்தார். மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். ஒனக்குக் காச்ச கண்டா எந்திரிச்சுத் தேடக்கூட ஆள் கெடையாது. இத வச்சுக்க."

சொல்லிவிட்டு, கையை நீட்டி என் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் போட்டார். பாக்கெட்டை மேலே இரண்டு தட்டு தட்டினார்.

"எனக்கென்னக்கா வரப்போகுது" என்றேன்.

"வராதுன்னு வச்சுக்க. ஆனா வச்சுக்க."

முகத்தைக் காட்டாமல், "கலக்கணும்க்கா" என்று திரும்பி உள்ளே போய்விட்டேன். குளிர். கலக்குவதும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வதும், திரும்ப எடுத்துக் கலக்குவதுமாக அந்தக் காலை போயிற்று.

மத்தியானம் வடிகட்டும்போது ஊசிகள் கொஞ்சம் குட்டையாக இருப்பதாகப் பட்டது. அளவு அதிகம், அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு பீங்கான் கிண்ணங்களில் பரப்பி ஜன்னலோரம் காயவைத்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு அக்காவும் நானும் சேர்ந்தே நடந்தோம். மூட்டையில் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஊட்டியில் இறங்கி அவர் கோயம்புத்தூர் பஸ் பிடித்தார். ஜன்னல் வழியாக, "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு பேக்கரிக்கு போன் போடுறேன், வந்து நில்லு" என்று கத்தினார். தலையாட்டினேன்.

மைக்ராஸ்கோப்பில் ஊசியே இல்லை. கட்டைகள். சதுரம் சதுரமாக, குண்டு குண்டாக. உருகுநிலை பார்த்தேன். முதல் வகை. திரும்பப் பார்த்தேன். முதல் வகை.

"அடிச்சுப் பாத்துரலாம்" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அட்டெண்டர் அண்ணன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷினையே பார்த்தார். சக்கரம் சுற்றியது. டிக். டிக். இருபது முறை. தலைகள் ஒரு தட்டில், உடம்புகள் ஒரு தட்டில். கடைசியில் அவர் தாங்கமாட்டாமல், "பரவால்லீங்க மேடம், இதுக்கும் கஞ்சின்னு ஒண்ணு இருக்குதுல்லங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கே தப்பு? சாயங்காலப் பஸ்ஸில் ஒவ்வொரு அடியாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வடிதாள் புதிது. குடுவை கழுவியது. தூள் டப்பா அறைக்குள் வரவில்லை. மாத்திரை அட்டையைக்கூட நான் தொடவில்லை. கை கழுவினேன், ஸ்வெட்டர் மாற்றினேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஃபேக்டரிக்குப் போனேன். சாம்பிள் ரூம் வாசலில் ஆணியில் பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. குளிருக்கு அதை எடுத்து மாட்டினேன். பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குள் போனது. தாள் மடிப்பு விரலில் தட்டியது.

எடுத்துப் பார்த்தேன். மடிப்பின் ஓரம் வழியாகத் தூள் கசிந்திருந்தது. பாக்கெட்டைத் திருப்பினேன், பச்சை நூலிழைகளுக்கிடையே வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. என் விரல் நகத்தடியிலும் இருந்திருக்கும். அதே விரலால்தான் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக் கலக்கியிருக்கிறேன்.

ஐந்து வருஷத்துக்குமேல் மருந்து படித்தவள். தூள் டப்பாவைக் கொட்டகையிலேயே நிறுத்தியவள். என் கண்ணெதிரே ஒருத்தர் பாராசிட்டமாலை உடைத்து என் பாக்கெட்டுக்குள் போடுகிறார், எனக்கு அது பாராசிட்டமால் என்றே படவில்லை. பாதி மாத்திரை எங்களுக்கு மருந்தோடு சேர்ந்ததில்லை. குடை, டார்ச் மாதிரி வீட்டுச் சாமான்.

வெறும் மேடைமேல் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அழுவதில் ஒரு சங்கடம், எப்போது நிறுத்துவது என்று தெரியாது. வெளிச்சம் போவதற்குள் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால் நிறுத்தினேன்.

மறுநாள் அந்த மடிப்பை மேடம் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் தாளைப் பிரித்து, பாதி மாத்திரையைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"தீசிஸ்ல 'மாசு கலந்திருக்கலாம்'னு போட்டுக்க. இத எழுத வேண்டாம். சிரிப்பாங்க."

"எப்படிக் கலந்துச்சுன்னு தெரியுமே மேடம். தெரிஞ்சத எழுதாம எப்படி?"

"அந்த ஆறு மாத்திரையே உன்னக் காப்பாத்தும். எதுக்கு நீயே கைய நீட்டிக் குடுக்கற?"

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுதத்தான் செய்தேன். ஒரே அறை, ஒரே ஸ்பிரிட், ஒரே விதை. ஆறு தலை கழலவில்லை, இருபது கழன்றது. இடையில் நடந்தது பாக்கெட்டில் பாதி மாத்திரை. அந்தப் பாதியை டேப் போட்டு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன்.

சனிக்கிழமை வந்த எக்ஸ்டர்னல் வயதானவர். ஆறு மாத்திரை வந்த பக்கங்களை வேகமாகத் திருப்பினார். டேப் ஒட்டிய பக்கத்தில் நின்றுவிட்டார். நாலைந்து கேள்வி கேட்டார், சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும்மா பாதி மாத்திரைய மடிச்சு அடுத்தவங்க பாக்கெட்ல போடுவாங்க?"

"எங்க எஸ்டேட்ல எல்லாரும் சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இருபது வரலையே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. உருட்டும் சோதனை செய்யப்படவில்லை, மேற்கொண்டு ஆராயவேண்டும் என்று குறிப்பு எழுதி, தேறியதாகக் கையெழுத்துப் போட்டார். ஆறில் ஐந்து சோதனைகளில் உடைந்து கரைந்து போயிருந்தன. ஆறாவதைத் துறையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் நீட்ட என் உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி செய்தேன். இரண்டு பெட்டி, ஒரு படுக்கை. பீங்கான் கிண்ணங்களைக் கழுவி, இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டு சாம்பிள் ரூமைப் பூட்டினேன். பத்து மணிக்கு முன்பே பேக்கரிக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். கடைக்காரர் வர்க்கியும் டீயும் கொடுத்தார். டீத்தூள் கீழே சமவெளியிலிருந்து வந்த பாக்கெட். அப்பா இருந்தால் வாயில் வைக்க மாட்டார்.

பத்து மணிக்கு போன் அடித்தது. பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"புள்ள? கேக்குதா? இங்க ஞாயித்துக்கெழமையும் வேல. ஒரே சத்தம். நீ எப்பிடி இருக்க?"

"நல்லாருக்கேங்க்கா. இன்னைக்குக் கெளம்பறேன்."

"ஒன் மாத்திர என்னாச்சு? தொப்பியக் கழட்டுச்சா?"

ஆறு மாத்திரைகளையும் நினைத்துக்கொண்டேன். "கழட்டலைங்க்கா. நல்லா வந்துச்சு."

"பாத்தியா! அந்த அறைக்கு ராசி. சரி, காச்ச கீச்ச வந்துச்சா? நான் குடுத்த பாதி இருக்கா, சாப்புட்டியா?"

அது கல்லூரியில், என் நோட்டில், டேப்புக்கு அடியில் இருந்தது.

"சாப்புட்டேங்க்கா. ஒரு நாள் சாயங்காலம் லேசா காய்ச்சல் வந்துச்சு. அது இருந்ததாலதான் சரியாச்சு."

"நான் சொன்னனா இல்லியா?" என்றார் அக்கா. இரைச்சலுக்கு மேலே அவர் சிரிப்பது கேட்டது. இன்னும் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் புரியவில்லை. புரிந்த மாதிரியே, "சரிங்க்கா, சரிங்க்கா" என்று, லைன் அறுந்துபோகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.